எல்லாக் கடிதத்திற்கும் ஒரே மணியோசையா?

ஓசைக்குப் பொருள் தருவது மனிதரின் பழைய வழக்கம். பாடசாலையில் ஒருமுறை தட்டும் மணி பாடவேளை முடிந்ததை அறிவிக்கிறது. விடாது நீண்டு ஒலிக்கும் மணி வீட்டுக்குப் போகலாம் என்கிறது. மாணாக்கர் நிமிர்ந்து பாராமலே இரண்டையும் பிரித்தறிவர். பூசைக்கு ஒலிக்கும் கோயில் மணியையும், இறந்தார்க்காக இடைவிட்டு ஒலிக்கும் தேவாலய மணியையும் ஊரார் எவரும் ஒன்றாக எண்ணி மயங்குவதில்லை. இலங்கையின் ஊர்த் தெருக்களிலே முச்சக்கர வண்டியிற் பாண் விற்க வருவோர் எழுப்பும் இன்னிசையை எண்ணிப் பாருங்கள். ஜெர்மானிய இசைமேதை பீத்தோவன் 1810ஆம் ஆண்டில் இயற்றி, அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளின் பின்னர் 1867இல் அச்சேறிய பியானோ இசை அது. 'எலீசுக்காக' என்பது அதன் பெயர். பீத்தோவன் யாரென்று அறியாத சிறு குழந்தையும் அவ்விசை கேட்டதும், "அம்மா, பாண் வந்துவிட்டது" என்று காசுக்குக் கை நீட்டுகிறது. ஓர் ஓசை, ஒரு பொருள். அவ்வோசையின் வெற்றி அதுவே.

இந்த எளிய முறைமையை நாம் கைவிட்டுவிட்ட இடம் ஒன்று உண்டு. அது நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கைத்தொலைபேசிக்கு மின்னஞ்சல் வரும்போது எழும் ஓசையைத்தான் குறிப்பிடுகிறோம். பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் வந்தாலும் 'டிங்' என்கிறது. புடைவைக் கடையின் விலைக் குறைப்பு விளம்பரம் வந்தாலும் அதே 'டிங்'. கடல் கடந்து வாழும் மகன் எழுதினாலும், எவரோ முகமறியாத வணிகர் எழுதினாலும், அழைப்பு ஒன்றே. கடிதங்கள் பலவாகவும் மணி ஒன்றாகவும் இருப்பதால் விளையும் தீங்கையும், அதனை நீக்கும் வழியையும் இவ்வாரம் சிந்திப்போம்.

இஃதோர் அற்பப் பொருள் என்று சில அன்பர்கள் நகைக்கக்கூடும். எம்மிடம் கற்றுச் சென்ற மாணவர் ஒருவருக்கு நிகழ்ந்ததைக் கேட்ட பின்னர் அவர்கள் நகைக்க மாட்டார்கள். அவர் வெளிநாட்டுப் புலமைப்பரிசில் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது தடவை ஒலித்த கைத்தொலைபேசி படிப்பைக் கெடுக்கிறது என்று எண்ணி, மின்னஞ்சல் ஓசை முழுவதையும் நிறுத்திவிட்டார். படிக்க விரும்பும் பிள்ளை அவ்வாறு செய்ததிற் குறை காண இயலாது. ஆனால் அந்த நாட்களிலேதான் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் வந்தது. மூன்று நாட்களுக்குள் மறுமொழி அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. விளம்பரக் கடிதங்களின் நடுவே கிடந்த அதனை அவர் ஐந்தாம் நாளிற் கண்டார். "சேர், சத்தம் இருந்தாலும் படிக்க முடியவில்லை, நிறுத்தினாலும் கடிதம் தவறிவிட்டது. நான் என்ன செய்திருக்க வேண்டும்?" என்று அவர் கேட்டார். அந்த வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இம்மணியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். இயந்திரம் மணியடித்து மனிதரை அழைப்பது மின்னஞ்சலுக்கு முற்பட்டது. செய்தி நிறுவனங்களின் தொலை அச்சுப் பொறிகளில் மெய்யாகவே ஒரு சிறு மணி பொருத்தப்பட்டிருந்தது. மறுமுனையிலுள்ளவர் அதற்குரிய குறியை அனுப்பியதும் அம்மணி ஒலிக்கும். சாதாரணச் செய்திகள் மணியின்றி அச்சாகிக்கொண்டே இருக்கும். அவசரச் செய்தி வரும்போது மணி ஒலிக்கும். உலகையே உலுக்கும் செய்தியாயின், மணி மீண்டும் மீண்டும் ஒலித்துப் பத்திரிகைக் கந்தோர் முழுவதையும் எழுந்து ஓடிவரச் செய்யும். செய்தியின் தகுதிக்கேற்ப மணி என்னும் ஒழுங்கு அங்கே இருந்தது. 1963இல் அமெரிக்காவில் 'அஸ்கி' என்னும் எழுத்துக் குறிமுறை வகுக்கப்பட்டபோது, எழுத்துக்களோடும் எண்களோடும் அந்த மணிக்கும் இடம் கொடுத்தனர். 7ஆம் குறி மணிக்கு உரியது.

1971ஆம் ஆண்டில் ரே டொம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், 'ஆர்ப்பாநெற்' என்ற வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கடிதம் அனுப்பும் முறையை உண்டாக்கினார். பெறுபவரின் பெயரையும் அவரது கணினியின் பெயரையும் பிரிக்க இன்றும் நாம் இடும் '@' குறியைத் தெரிந்தெடுத்தவரும் அவரே. கடிதம் வந்ததைப் பயனாளிக்கு உடனே உணர்த்துவது எங்ஙனம்? 1980இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் அதற்கென ஒரு சிறு செய்நிரல் எழுதப்பட்டது. கடிதம் வந்ததும் அது மணியை ஒலித்து, அனுப்பியவர் பெயரையும் கடிதத்தின் முதற் சில வரிகளையும் திரையிற் காட்டியது. அதன் பெயர் 'பிஃப்'. அவ்வளாகத்தில் யாவரும் அறிந்த ஒரு நாயின் பெயரையே அதற்கு இட்டார்கள். தபாற்காரரைக் கண்டு அந்நாய் குரைத்ததனால் அப்பெயர் வந்தது என்று பிற்காலத்தில் ஒரு கதை பரவிற்று. நாயின் உரிமையாளர் அதனை மறுத்திருக்கிறார்.

இந்தப் 'பிஃப்' பற்றி நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதன் பெயருடன் ஆம் என்பதற்கு ஓர் எழுத்தை இட்டால் அது அழைக்கத் தொடங்கும். இல்லை என்பதற்கு ஓர் எழுத்தை இட்டால் வாய் மூடிக்கொள்ளும். மணி வேண்டுமா என்பதைப் பயனாளியே தீர்மானித்தார்.

பின்னர் மணிக்குப் பதிலாக மனிதக் குரலும் வந்தது. எல்வுட் எட்வேர்ட்ஸ் என்பவர் 1989இல் தமது வீட்டின் இருப்பறையில் அமர்ந்து, ஒரு கசெற் நாடாவில் நான்கு சிறு தொடர்களைப் பேசிப் பதிவு செய்தார். உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது என்ற பொருள்படும் தொடர் அவற்றுள் ஒன்று. 'அமெரிக்கா ஒன்லைன்' நிறுவனத்தின் இணையச் சேவையைப் பயன்படுத்திய இல்லங்களிலெல்லாம் அக்குரல் ஒலித்தது. 1998இல் வெளிவந்த ஹொலிவூட் திரைப்படம் ஒன்று அத்தொடரையே தன் பெயராகக் கொண்டது. எட்வேர்ட்ஸ் 2024ஆம் ஆண்டில் மறைந்தபோது உலகப் பத்திரிகைகள் பலவும் அவரை நினைவுகூர்ந்தன. ஒரு கடித அறிவித்தலை மக்கள் அத்துணை அன்போடு நினைவில் வைத்திருந்ததற்குக் காரணம் என்ன? அக்காலத்திற் கடிதங்கள் சில. அவற்றுட் பெரும்பாலானவை அறிந்தவர் எழுதியவை. அக்குரல் கேட்டால் யாரோ நம்மை நினைத்திருக்கிறார் என்று நம்பலாம். இன்று அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. நாம் ஒரு கடையிற் பொருள் வாங்கினால், அக்கடையின் இயந்திரம் ஆண்டு முழுவதும் நமக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. கடிதங்களின் தன்மை மாறிவிட்டது. மணி மட்டும் மாறவில்லை.

பொருளற்ற மணி பலமுறை ஒலித்தால் நேர்வது என்ன? இதற்கு மருத்துவமனைகளிலே துயரமான சான்று உண்டு. நோயாளரின் கட்டிலருகே உள்ள கருவிகள் நாள் முழுவதும் எச்சரிக்கை ஒலி எழுப்புகின்றன. அமெரிக்காவில் மருத்துவமனைகளின் தரத்தை ஆராயும் 'ஜொயின்ற் கொமிஷன்' என்னும் அமைப்பு, 2013ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் இதுபற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. அவ்வொலிகளில் நூற்றுக்கு 85 முதல் 99 வரையானவை மருத்துவ நடவடிக்கை எதனையும் வேண்டாதவை என மதிப்பிடப்பட்டிருப்பதை அது எடுத்துக் காட்டிற்று. ஓயாத ஒலியினாற் செவி மரத்துப்போன பணியாளர்கள் ஒலியைக் குறைத்துவிடுகிறார்கள், நிறுத்திவிடுகிறார்கள், அல்லது கேட்டும் கேளாதவராகிறார்கள். 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை எச்சரிக்கை ஒலிகள் தொடர்பாக அவ்வமைப்புக்கு அறிவிக்கப்பட்ட 98 நிகழ்வுகளில் 80 மரணத்தில் முடிந்தன. பயிற்சி பெற்ற தாதியரின் செவியே மரத்துப்போகுமாயின், நம் செவி எம்மாத்திரம்? எம் மாணவர் மின்னஞ்சல் ஓசையை நிறுத்தியதும் இதே காரணத்தினால் அன்றோ?

"ஓசை கேட்டாலும் நான் எடுத்துப் பார்ப்பதில்லை, ஆகவே எனக்குத் தீங்கில்லை" என்று கூறும் மாணவர்களும் உளர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வை அவர்கள் அறிதல் நலம். கவனத்தை ஒருமுகப்படுத்த வேண்டிய ஒரு பணியைச் செய்துகொண்டிருந்தோருக்கு இடையிடையே கைத்தொலைபேசி அறிவித்தல்கள் அனுப்பப்பட்டன. அவர்கள் கருவியைத் தொடவில்லை. ஆயினும் அவர்களின் பணியிற் பிழைகள் மிகுந்தன. கை போகாவிட்டாலும் மனம் போய்விடுகிறது. யார் எழுதினார், எதற்கு எழுதினார் என்ற எண்ணம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

அவ்வாறாயின் ஓசையே வேண்டாம் என்று விடலாமா? கனடாவின் பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 124 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஓரளவு ஆதரவு தருகிறது. ஒரு வாரம் அவர்கள் நாளுக்கு மூன்று முறை மட்டுமே மின்னஞ்சல் பார்க்க வேண்டும். இன்னொரு வாரம் விரும்பியபோதெல்லாம் பார்க்கலாம். மூன்று முறை மட்டும் பார்த்த வாரத்தில் அவர்களின் மன அழுத்தம் குறைந்திருந்தது. இயலுமானவர்களுக்கு இது நல்ல பழக்கமே. ஆனால் எதிர்பார்ப்பு என்னும் ஒன்று உண்டு. விசாப் பதிலுக்குக் காத்திருக்கும் குடும்பமும், அனுமதிக் கடிதத்தை எதிர்நோக்கும் மாணவியும், மூன்று முறை மட்டும் பார்த்து மனம் அமைதியுற மாட்டார்கள். ஓசை இல்லாவிடின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாமாகவே கருவியை எடுத்துப் பார்ப்பார்கள். அங்கே முழு அமைதியும் அமைதியன்று.

செவிக்கு இயற்கை அளித்துள்ள ஓர் ஆற்றலை இவ்விடத்து நாம் துணையாகக் கொள்ளலாம். 1959ஆம் ஆண்டில் நெவில் மோரே என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒருவரின் இரு காதுகளிலும் வெவ்வேறு செய்திகளை ஒலிக்கச் செய்து, ஒரு காதின் செய்தியை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். மற்றக் காதில் ஒலித்தவற்றைக் கேட்டவர்கள் ஏறத்தாழ முற்றிலும் அறியாதிருந்தனர். ஆனால் அக்காதிலே தம் சொந்தப் பெயர் ஒலித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதனைக் கண்டுகொண்டனர். நமக்கெனப் பொருள்கொண்ட ஓசை மற்ற ஓசைகளை ஊடறுத்து உள்ளே வரும் வல்லமையுடையது. சந்தை இரைச்சலின் நடுவே தன் குழந்தையின் அழுகையைத் தாய் பிரித்தறிவதும் இவ்வாறே.

ஆகவே எம் மாணவரின் வினாவுக்கு விடை இது: அமைதி பொதுவிதியாக இருக்கட்டும், ஓசை விதிவிலக்காக இருக்கட்டும். எல்லாக் கடிதங்களுக்கும் உரிய பொது ஓசையை நிறுத்துங்கள். பின்னர் இரண்டு அல்லது மூன்று வகைக் கடிதங்களுக்கு மட்டும் தனித்தனி ஓசை வையுங்கள். எந்தக் கடிதம் தனியோசைக்குத் தகுதியுடையது? அதனை அறிய மூன்று வினாக்கள் போதும். அது இன்னாரிடமிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரியுமா? சில மணி நேரம் தாமதித்தால் நட்டம் உண்டா? வேறு வழியில் அச்செய்தி நம்மை வந்தடையாதா? மூன்றுக்கும் ஆம் என்பது விடையாயின் அக்கடிதத்துக்கு ஓசை கொடுங்கள். உயிருக்கு ஆபத்து என்பது போன்ற செய்திகளுக்கு மின்னஞ்சல் ஏற்றதன்று. அவற்றுக்குத் தொலைபேசி அழைப்பே தகும் என்பதை உறவினர்க்கும் சொல்லி வையுங்கள்.

செய்யும் முறையும் கடினமன்று. ஜிமெயில் பயன்படுத்துவோர் முதலிற் கணினியில் அதனைத் திறந்து, அமைப்புகளில் 'வடிகட்டி' ஒன்றை உண்டாக்க வேண்டும். இன்ன முகவரியிலிருந்து வரும் கடிதத்துக்கு இன்ன பெயர்ச்சீட்டை இடு என்று அங்கே கட்டளை தரலாம். 'புலமைப்பரிசில்' என்றோ 'மகன்' என்றோ அச்சீட்டுக்குப் பெயர் வையுங்கள். பின்னர் அண்ட்ரொயிட் கைத்தொலைபேசியின் ஜிமெயில் செயலியில் அமைப்புகளுக்குச் சென்று, உங்கள் கணக்கைத் தெரிந்து, பெயர்ச்சீட்டுகளை நிர்வகிக்கும் பகுதியைத் திறந்தால், ஒவ்வொரு சீட்டுக்கும் அறிவித்தலை இயக்கவும் ஓசையைத் தெரியவும் இடமுண்டு. அச்சீட்டுக்குரிய கடிதங்கள் கைத்தொலைபேசியோடு ஒத்திசையுமாறு அங்கேயே அமைத்துவிட வேண்டும். இதனைச் செய்யாதுவிடின் ஓசை எழாது.

ஐபோன் வைத்திருப்போர் அதன் மெயில் செயலியில், முக்கியமானவர் சிலரின் பெயர்களை 'வி.ஐ.பி.' பட்டியலிற் சேர்க்கலாம். அமைப்புகளில் மெயிலுக்குரிய அறிவித்தல் பகுதியிலே அப்பட்டியலுக்கு ஓர் ஓசையும், ஏனைய கடிதங்களுக்கு அமைதியும் தரலாம். கணினியில் மைக்ரோசொப்ற் அவுட்லுக்கின் பழைய வடிவைப் பயன்படுத்துவோர் 'விதிகள்' என்ற பகுதியில், குறித்த ஒருவரின் கடிதம் வந்தால் குறித்த ஒலிக் கோப்பை இசைக்குமாறு பணிக்கலாம். தண்டர்பேர்ட் என்னும் இலவச மென்பொருளும் நாம் விரும்பிய ஒலிக் கோப்பை வைக்க இடம் தருகிறது. செயலிகள் புதுப்பிக்கப்படும்போது இவ்வமைப்புகள் இடம் மாறுவதுண்டு. ஆகையால் அமைத்து முடித்ததும், வீட்டிலுள்ள இன்னொருவர் முகவரியையும் அவ்வகையிற் சேர்த்து, அவரைக் கொண்டு ஒரு கடிதம் அனுப்பச் செய்து சோதித்துப் பாருங்கள். மாதம் ஒருமுறை அச்சோதனையை மீண்டும் செய்தல் நன்று.

ஓசையைத் தெரிவதிலும் விவேகம் வேண்டும். இரண்டு மூன்று விநாடிக்கு மேற்பட்ட ஓசை பிறருக்கு இடையூறு. மிக விரும்பும் பாடலை வைக்காதீர்கள். சில வாரங்களில் அப்பாடல் எங்கே கேட்டாலும் மனம் துணுக்குறும். தீயணைப்பு வண்டியின் ஒலியையோ, அவசர மருத்துவ வண்டியின் ஒலியையோ ஒத்த ஓசைகளைத் தவிருங்கள். அவை அஞ்சுவதற்கென்றே அமைந்தவை. ஒரே வீட்டில் இருவர் ஒரே ஓசையை வைத்தலும் கூடாது. முதியோர்க்கு அமைத்துக் கொடுக்கும் பிள்ளைகள் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். வயது ஏறும்போது கீச்சென்ற உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் ஆற்றலே முதலிற் குறைகிறது. ஆகையால் பாட்டியின் கைத்தொலைபேசிக்குச் சிறு சலங்கை ஒலியைவிடச் சற்றே தாழ்ந்த சுருதியுடைய மணியோசை பொருத்தமாகும். அவரையே கேட்கச் செய்து, எது தெளிவாகக் கேட்கிறது என்று வினவி, அதனை வையுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். தனியோசை கேட்டதனாலேயே கடிதம் மெய்யானது என்று எண்ணிவிடலாகாது. பிறர் பெயரிற் பொய்க் கடிதம் எழுதுவோர் இக்காலத்தில் மலிந்துள்ளனர். மணி வாசற் கதவைத் தட்டும் ஒலி மாத்திரமே. தட்டியவர் யார் என்று பார்த்துத் திறப்பது நம் கடமை. பணமோ கடவுச்சொல்லோ கேட்டு வரும் கடிதம் எந்த இனிய ஓசையுடன் வந்தாலும் ஐயத்துக்குரியதே.

பெற்றோர்களே, பிள்ளைகளோடு இன்றே அமர்ந்து, யார் யாருடைய கடிதத்துக்கு இவ்வீட்டில் மணி ஒலிக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். தொழில்நுட்பம் பற்றிய பேச்சாகத் தொடங்கி, நமக்கு முக்கியமானவர் யார் என்ற பேச்சாக அது வளரும். மாணாக்கர் பரீட்சைக் காலத்துக்கென ஒரு பட்டியலும், விடுமுறைக் காலத்துக்கென ஒரு பட்டியலும் வைத்துக்கொள்ளலாம். காத்திருந்த கடிதம் வந்து சேர்ந்ததும் அதற்குரிய ஓசையை நீக்கிவிடுங்கள். பயன் முடிந்த மணி மீண்டும் இரைச்சலாகிவிடும். நம்மை அழைக்கும் உரிமையை யாருக்குக் கொடுப்பது என்பதை இயந்திரம் செய்தவர் தீர்மானிக்க விடுவது அடிமைத்தனம். அதனை நாமே தீர்மானித்தல் நம் காலத்தையும், நம் பிள்ளைகளின் கல்வியையும், நம் அன்பையும் காத்தலாகும்.